வருமானம் விழுந்த ஆர்வலர் தளம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய ரேடியோ, தபால்தலை, பறவை நோக்கல், மாதிரி ரயில், தொலைநோக்கி என்று ஏதோ ஒன்றின் மேல் உள்ள பிரியத்தால் ஒருவரோ நாலைந்து பேரோ நடத்தும் தளங்களைத்தான் இங்கே ஆர்வலர் தளம் என்கிறோம். இவற்றில் விளம்பரம் இருப்பது பெரும்பாலும் ஹோஸ்டிங் பில் கட்டுவதற்காக. பொருளாதாரம் மந்தமானால் முதலில் வற்றுவது அந்த ஊற்றுதான். வற்றியதும் பலரும் எடுக்கும் மருந்து, பக்கத்தில் இன்னும் நாலு விளம்பரத்தைத் திணிப்பது. அது அநேகமாக நோயைக் கூட்டும். மந்தநிலையின் பேரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வேறொரு பழுது ஒளிந்திருக்கும்; அப்படியே மந்தநிலைதான் காரணம் என்றாலும் விளம்பரத்தின் விலை உங்கள் கையில் இல்லை. செலவு மட்டும்தான் இருக்கிறது.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு கணக்கு.

முதலில்: எது விழுந்தது என்று பிரித்தெடுங்கள்

வருமானம் = பக்கப் பார்வை × ஆயிரம் பார்வைக்கான வருமானம் ÷ 1000. இரண்டாவது எண்ணைத்தான் ஆர்பிஎம் என்பார்கள். இரண்டில் எது குறைந்தது என்று தெரியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது.

போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடாதீர்கள். டிசம்பர் வரை விளம்பரதாரர்கள் ஆண்டு பட்ஜெட்டைக் கரைப்பார்கள். ஜனவரியில் பை காலி. மந்தநிலை இல்லாத நல்ல ஆண்டிலும் ஜனவரி விழும். ஆகவே இந்த ஜனவரியைப் போன ஜனவரியோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு: போன ஆண்டு 1,20,000 பார்வை, ஆர்பிஎம் 2.00 டாலர், வருமானம் 240. இந்த ஆண்டு 1,18,000 பார்வை, ஆர்பிஎம் 1.10, வருமானம் சுமார் 130. குறைவு 110. இதில் பார்வை குறைந்ததால் போனது வெறும் 4 டாலர். மீதி 106-ம் விலை சரிந்ததால் போனது. இந்தத் தளத்துக்காரர் தேடுபொறியில் முன்னேறப் பாடுபட்டால் பாடு வீண். அதே 110 டாலர், பார்வை கிட்டத்தட்ட பாதியானதால் போயிருந்தால் வைத்தியம் முற்றிலும் வேறு.

இதையே கருவி வாரியாக (கைப்பேசி, கணினி), நாடு வாரியாக, பக்க வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லா வரிசையும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால் சந்தை. ஒரே ஒரு வரிசை மட்டும் பள்ளத்தில் கிடந்தால் பழுது.

அறிகுறி: பார்வை அப்படியே இருக்கிறது, வருமானம் மெல்ல மெல்லத் தேய்கிறது

இதுதான் அசல் மந்தநிலை. விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. கை தூக்குபவர் குறைந்தால் விலை இறங்கும். நிறுவனங்கள் முதலில் வெட்டுவது பெயரைப் பரப்பும் விளம்பரங்களை. 'இப்போதே வாங்கு' வகை விளம்பரம் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். அதனால் ஒரே தளத்துக்குள்ளேயே 'எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்' என்ற பக்கம் குறைவாகவும், 'தொலைநோக்கியின் வரலாறு' பக்கம் அதிகமாகவும் அடி வாங்கும்.

இது எவ்வளவு நாள் நீடிக்கும்? வரலாறு ஒரே பதில் தரவில்லை. அமெரிக்க இணைய விளம்பரச் சந்தை 2000-இல் 810 கோடி டாலர். 2001-இல் சுமார் 710 கோடி. 2002-இல் 600 கோடி. இரண்டு ஆண்டு தொடர் சரிவு. 2008-இல் 2,340 கோடியாக இருந்தது 2009-இல் 2,270 கோடி, 3.4% சரிவோடு நின்றது. 2020 வசந்தத்தில் விலை திடீரென விழுந்து, அதே ஆண்டின் பிற்பாதியில் எழுந்துவிட்டது. மொத்தச் சந்தை 3.4% இறங்கியது என்றால் உங்கள் தளமும் அவ்வளவுதான் இறங்கும் என்று பொருளில்லை: 2020 மார்ச்சில் பயண விளம்பரங்கள் கிட்டத்தட்ட காணாமலே போயின. பயணத் தளம் வைத்திருந்தவர்களுக்கு மொத்தச் சந்தையின் சராசரி எந்த ஆறுதலும் தரவில்லை.

செய்ய வேண்டியது: கடந்த 24 மாதங்களில் மிக மோசமான மாதத்தின் வருமானத்தை எடுங்கள். அதில் பாதியை உங்கள் மாதச் செலவின் உச்சவரம்பாக வையுங்கள். கடுமையான வரம்புதான். அதைத் தொட முடியுமா என்பது கீழே ஹோஸ்டிங் பகுதியில் தெரியும்.

செய்யக் கூடாதது: 'தளத்தை வாழவைக்க விளம்பரத்தை ஒரு கிளிக் செய்யுங்கள்' என்று எழுதுவது. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸின் விதிப்படி கணக்கு முடக்கத்துக்கு அதுவே போதும். நண்பர்களிடம் வாய்மொழியாகச் சொன்னாலும் அதே கதைதான். ஒரே வட்டாரத்திலிருந்து வரும் கிளிக்குகள் செல்லாத போக்குவரத்தாகக் கழிக்கப்படும்.

அறிகுறி: ஒரே நாளில் செங்குத்தாக விழுந்தது

மந்தநிலை ஒரே ராத்திரியில் 70% விழாது. விழுந்தால் ஏதோ உடைந்திருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்:

1. ஆட்ஸ் டெக்ஸ்ட் கோப்பு. தளத்தின் வேர்க் கோப்புறையில் இருக்க வேண்டிய சின்னக் கோப்பு. உங்கள் இடத்தை யார் விற்கலாம் என்று அறிவிப்பது. 2017-இல் வந்த வழக்கம். தளத்தை இடம் மாற்றும்போதும், டொமைனில் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' சேர்க்கும்போதும் எடுக்கும்போதும் இது தொலைந்துபோகும். உலாவியில் நேரடியாகத் திறந்து பாருங்கள். 'பக்கம் இல்லை' என்ற 404 பிழை வந்தாலும் முகப்புப் பக்கம் வந்தாலும் தப்பு. வெறும் எழுத்து வரிகள் வர வேண்டும். பதிப்பாளர் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் வாங்குபவர்கள் ஒதுங்குவார்கள். திருத்திய பிறகு கூகுள் மறுபடி வந்து படிக்கச் சில நாள் ஆகும்.

2. ஒப்புதல் பெட்டி. 2024 ஜனவரி 16 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன் வாசகர்களுக்கு கூகுளின் சான்று பெற்ற ஒப்புதல் கருவி வேண்டும். அந்த ஆண்டு ஜூலை முதல் சுவிட்சர்லாந்தும் சேர்ந்தது. பழைய 'குக்கீ ஏற்கிறேன்' பட்டை போதாது. நாடு வாரி வரிசையில் ஐரோப்பா மட்டும் படுத்துக் கிடந்தால் காரணம் இதுதான்.

3. தோற்றம் அல்லது பிளக்இன் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) புதுப்பிப்பு. விளம்பர நிரல் துண்டு அழிந்திருக்கும், அல்லது 'நிரல்களைத் தாமதமாக ஏற்று' என்ற வேகக் கருவி அதையும் தாமதப்படுத்தியிருக்கும். தனிப்பட்ட சாளரத்தில், விளம்பரத் தடுப்பான் இல்லாமல் பாருங்கள். தளம் நடத்துபவர்கள் தங்கள் தளத்தைத் தடுப்பானோடேயே பார்த்துப் பழகி, விளம்பரம் வராததை வாரக்கணக்கில் கவனிக்காமல் இருப்பது சகஜம்.

4. கணக்கின் கொள்கை மையம். தனிப் பக்கங்களில் விளம்பரம் நிறுத்தப்பட்டிருந்தால் அங்கே எழுதியிருக்கும்.

அறிகுறி: விளம்பரத்தைக் கூட்டினேன், வருமானம் இன்னும் குறைந்தது

ஆட்சென்ஸ் 2024 தொடக்கத்திலிருந்து கிளிக்குக்குப் பதில் காட்சிக்குக் கணக்கு வைத்துத் தருகிறது. காட்சியின் மதிப்பு, அது உண்மையில் கண்ணில் பட்டதா என்பதைப் பொறுத்தது. துறையின் அளவுகோல்: விளம்பரத்தின் பாதிப் பரப்பு தொடர்ந்து 1 விநாடி திரையில் தெரிய வேண்டும். அடிக்குறிப்புக்குக் கீழே மூன்று பெட்டி வைத்தால் அந்த மூன்றும் யார் கண்ணிலும் படாமல், தளத்தின் சராசரியைக் கீழே இழுக்கும். வாங்குபவர்களின் நிரல்கள் அதைப் பார்த்து நல்ல இடத்துக்கும் சேர்த்துக் குறைவாகக் கேட்கும்.

இரண்டாவது சேதம் வேகம். ஒவ்வொரு விளம்பரமும் டஜன் கணக்கில் கோரிக்கைகளை இழுத்து வரும். முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது என்பவை கூகுள் சொல்லும் வரம்புகள். வாசகருக்கு இதெல்லாம் தெரியாது. படித்துக்கொண்டிருந்த வரி சட்டென்று கீழே நழுவினால் எரிச்சல் வரும், அவ்வளவுதான் தெரியும்.

திருத்தம்:

- கைப்பேசியில் விளம்பரங்களின் மொத்த உயரம் உள்ளடக்கத்தின் உயரத்தில் 30%-ஐத் தாண்டாமல் வையுங்கள். 'நல்ல விளம்பரங்களுக்கான கூட்டணி' வகுத்த வரம்பு இது. இந்தத் தரங்களை மீறிக்கொண்டே இருக்கும் தளங்களில் குரோம் உலாவி 2018 பிப்ரவரி முதல் விளம்பரங்களையே வடிகட்டுகிறது.
- 300×250 பெட்டிக்கு முன்கூட்டியே 250 பிக்சல் உயரத்தை ஒதுக்கிவிடுங்கள். விளம்பரம் வராவிட்டால் வெற்றிடம் இருக்கட்டும். பக்கம் குதிப்பதைவிட அது மேல்.
- முதல் திரையில் உள்ளதை உடனே ஏற்றுங்கள். கீழே உள்ளவற்றை வாசகர் ஒரு திரை உயரம் நெருங்கும்போது ஏற்றுங்கள்.
- தானியங்கி விளம்பரம் போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு, மூன்றே இடங்களைக் கையால் வைத்து நான்கு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரச் சோதனை ஏமாற்றும். வார இறுதியும் மாத முதலும் விலையை ஆட்டும்.

நான்கு வாரம் கழித்து வருமானம் 5% குறைந்து, பக்கம் இருமடங்கு வேகமாகியிருந்தால் மூன்றோடு நிறுத்திக்கொள்வதே சரி. அந்த 5% ஒரு வாசகர் இரண்டாம் முறை வருவதற்குக் கொடுத்த விலை.

அறிகுறி: ஆர்பிஎம் நன்றாக இருக்கிறது, பார்வைதான் வடிகிறது

இது மந்தநிலை இல்லை. உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுங்கள். தேடலில் காட்டப்பட்ட எண்ணிக்கை அப்படியே இருந்து கிளிக் மட்டும் குறைந்தால், தேடல் பக்கமே பதிலைச் சொல்லிவிடுகிறது. 2024-க்குப் பிறகு செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. காட்டப்பட்ட எண்ணிக்கையே குறைந்தால் தரவரிசை இறங்கியிருக்கிறது. பட்டியலில் இருந்து பக்கங்களே மறைந்தால் தொழில்நுட்பப் பிழை: ஒரே பக்கத்தின் பல முகவரிகளில் எது அசல் என்று சொல்லும் நியமன முகவரி தவறாக இருப்பது, தவறுதலாக விழுந்த 'பட்டியலிடாதே' குறி, சர்வர் அடிக்கடி தரும் 5-இல் தொடங்கும் பிழை எண்கள்.

தரவரிசை மாறியதால் வரும் வீழ்ச்சிக்கு அவசர மருந்து கிடையாது. 1999-இல் தொடங்கிய மெட்டாஃபில்டர் என்ற சமூகத் தளத்துக்கு 2012 நவம்பரில் கூகுள் வழி வரவு சுமார் 40% விழுந்தது. சுமார் ஒன்றரை ஆண்டு தாங்கிப் பார்த்து, 2014-இல் ஆட்குறைப்பு செய்தது. அதன் பிறகு அதைத் தாங்கியது உறுப்பினர்களே தந்த பணம். ஒரே குழாயில் வரும் தண்ணீரை நம்பித் தோட்டம் போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஆகவே செய்யக்கூடியது: புதிய பதிவுகளை வாசகரிடம் தானே கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஓடையை உயிரோடு வைத்திருப்பது, மாதம் ஒரு மின்மடல், முகவரியைத் தட்டச்சு செய்து நேரடியாக வருபவர்களின் எண்ணிக்கையைத் தனியாகக் கவனிப்பது. நன்கொடை தரப்போகிறவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

அறிகுறி: வருமானம் இறங்குகிறது, ஹோஸ்டிங் பில் ஏறுகிறது

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். விளம்பர விலையை ஒரு சென்ட்கூட நீங்கள் உயர்த்த முடியாது. ஆனால் சர்வர் செலவைப் பாதியாக்குவது பெரும்பாலான ஆர்வலர் தளங்களில் ஒரு வார இறுதி வேலை.

முதலில் சர்வரின் அணுகல் பதிவை எடுத்து, கோ-அக்சஸ் போன்ற கருவியில் போட்டு மூன்று பட்டியல் எடுங்கள்: அதிக பைட் தின்னும் கோப்புகள், அதிகம் கேட்கும் ஐபி முகவரிகள், அதிகம் வரும் பாட்கள் (பக்கங்களைத் தானாகப் படித்துச் செல்லும் நிரல்கள்). பகுப்பாய்வுக் கருவியில் மாதம் 1,18,000 பார்வை. சர்வர் பதிவில் பக்கக் கோரிக்கை மட்டுமே 9 லட்சம். இப்படி இருந்தால் வித்தியாசம் பெரும்பாலும் மனிதர் அல்லாதவர்கள். அவர்கள் விளம்பரம் பார்ப்பதில்லை. பில் மட்டும் உங்களுக்கு. பெரிய இடங்களே இதில் திணறுகின்றன: 2024 ஜனவரியிலிருந்து ஊடகக் கோப்புகளை இறக்கும் பேண்ட்வித் 50% கூடிவிட்டது என்று விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் சொன்னது.

பாட்களைக் கையாளும் முறை:

- எந்த பாட் எங்கே வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் டெக்ஸ்ட் கோப்பில் வேண்டாதவற்றைப் பெயர் சொல்லித் தடுங்கள். மாதிரிகளைப் பயிற்றுவிக்க வரும் பாட் வேறு, தேடலுக்கு வரும் பாட் வேறு; ஒரே நிறுவனமே இரண்டு பெயரில் அனுப்பும். எதை நிறுத்துகிறீர்கள் என்று படித்துவிட்டு நிறுத்துங்கள். கூகுள்பாட்டையே தடுத்துவிட்டு வரவு போயிற்று என்று திகைப்பவர்கள் உண்டு.
- அந்தக் கோப்பு ஒரு வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. மதிக்காதவற்றுக்கு வேக வரம்பு: ஒரே ஐபியிலிருந்து நிமிடத்துக்கு 60 பக்கத்துக்கு மேல் கேட்டால் 'அளவு மீறிவிட்டது' என்னும் 429 பதில் அனுப்புங்கள். கோரிக்கை இடைவெளியைக் குறிக்கும் வரியை கூகுள் கண்டுகொள்ளாது, பிங் மதிக்கும்.
- 'நான் கூகுள்பாட்' என்று சொல்லி வருவதெல்லாம் கூகுள்பாட் அல்ல. ஐபிக்குப் பதிவான பெயரை, அதாவது தலைகீழ் டிஎன்எஸ் பெயரைப் பார்த்து, அந்தப் பெயரை மறுபடி ஐபியாக மாற்றிச் சரிபாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் தாராளமாகத் தடுக்கலாம்.
- முடிவில்லாத பொறிகளை அடைத்துவிடுங்கள்: நாட்காட்டிப் பக்கம், வரிசைப்படுத்தும் வடிகட்டிகள், 'அச்சிடும் வடிவம்' இணைப்பு. 400 கட்டுரை உள்ள தளம் பாட்டின் கண்ணுக்கு 40,000 முகவரியாகத் தெரிவது இவற்றால்தான்.

அடுத்து படங்கள். ஆறு படம், ஒவ்வொன்றும் 400 கேபி என்றால் பக்கம் 2.4 எம்பி. 1,18,000 பார்வைக்கு 283 ஜிபி. அதே படங்களை 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்-பி என்ற சிறு அளவுப் பட வடிவில் 75 முதல் 80 வரையான தரத்தில் சேமித்தால் 120 கேபி அளவில் நிற்கும்; மொத்தம் 85 ஜிபி. மூல கோப்புகளை அழிக்காதீர்கள், சர்வரிலிருந்து இறக்கி வீட்டு வட்டில் வையுங்கள். சுற்றுப்பலகை வரைபடம், அஞ்சல் முத்திரை போல நுணுக்கம் முக்கியமான படங்களில் தரத்தை 90 ஆக்கி, கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். வாசகர் அங்கே வருவதே அந்த நுணுக்கத்துக்காகத்தான்.

மூன்றாவது கேஷ், அதாவது ஒருமுறை உருவாக்கிய பக்கத்தைச் சேமித்துவைத்து மறுபடி தருவது. உள்நுழையாத வாசகருக்கு ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. பத்து நிமிடம் பழைய பக்கத்தைக் காட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. மாறாத படங்கள், எழுத்துருக்களுக்கு ஓர் ஆண்டு, அதாவது 3,15,36,000 விநாடி, கேஷ் காலம் கொடுங்கள். மாற்ற நேர்ந்தால் கோப்புப் பெயரை மாற்றிவிடலாம். முன்னால் கிளவுட்ஃப்ளேர் போன்ற இலவச அடுக்கை வைத்தால் படக் கோரிக்கைகளில் பெரும்பங்கு உங்கள் சர்வருக்கே வராது. ஒரு பொறி: உள்நுழைந்தவர்களின் பக்கத்தையும் சேர்த்து கேஷ் செய்துவிட்டால் ஒருவரின் விவரம் இன்னொருவருக்குத் தெரியும். உள்நுழைவுக் குக்கீ இருந்தால் கேஷைத் தாண்டிப் போ என்ற விதியை முதலில் எழுதுங்கள், பிறகு கேஷை இயக்குங்கள்.

கடைசியாக, டேட்டாபேஸ் தேவைதானா என்று கேளுங்கள். மாதம் நாலு கட்டுரை வரும் தளத்தை ஹியூகோ, லெவன்டி போன்ற கருவியால் நிலையான கோப்புகளாக மாற்றிவிடலாம். கிளவுட்ஃப்ளேர் பேஜஸின் இலவச அடுக்கு ஒரு தளத்துக்கு 20,000 கோப்பு வரை, கோப்புக்கு 25 எம்பி வரை ஏற்கும். கிட்ஹப் பேஜஸில் தளத்தின் அளவு 1 ஜிபி, மாதப் பேண்ட்வித் 100 ஜிபி என்று வரம்பு. பெரும்பாலான ஆர்வலர் தளங்களின் எழுத்துப் பகுதி இதற்குள் அடங்கிவிடும். படங்களுக்குத் தனி சேமிப்பிடம் பாருங்கள். இந்த மாற்றத்தில் இழப்பது தேடல் பெட்டியும் கருத்துப் பெட்டியும். தேடலை உலாவியிலேயே இயங்கும் சொற்பட்டியலால் ஈடு செய்யலாம். கருத்துப் பெட்டிக்கு அப்படி எளிய மாற்று இல்லை.

சர்வர் மாற்றும்போது: ஒரு நாள் முன்பே டொமைன் எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவின் ஆயுளை 300 விநாடியாகக் குறையுங்கள். மாற்றிய பின் பழைய சர்வரை ஏழு நாள் ஓடவிடுங்கள். பெயர்ச் சர்வரையும் மாற்றுகிறீர்கள் என்றால் மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ், எஸ்பிஎஃப் பதிவுகளை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தளம் நன்றாக ஓடும், மின்னஞ்சல் மட்டும் மௌனமாக நின்றுபோகும். பழைய முகவரிகள் மாறினால் ஒவ்வொன்றுக்கும் நிரந்தர மாற்றத்தைக் குறிக்கும் 301 திசைதிருப்பல் வேண்டும். ஆட்ஸ் டெக்ஸ்ட் கோப்பு? ஆம், அதையும் மறக்காமல்.

அறிகுறி: கணக்கில் தொகை காட்டுகிறது, வங்கிக்கு வரவில்லை

டாலர் கணக்கில் ஆட்சென்ஸின் குறைந்தபட்சம் 100. மாதம் 130 வந்தபோது மாதாமாதம் கிடைத்தது. 40 ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். ஹோஸ்டிங் பில்லோ மாதாமாதம். வருமானம் போதுமானதாக இருந்தும் கைப்பணம் தீர்ந்து தளம் நிற்பது இப்படித்தான். நான்கு மாதச் செலவைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். ஆண்டுக் கட்டணத்துக்குத் தள்ளுபடி இருந்தால் வருமானம் நன்றாக இருக்கும் நவம்பர், டிசம்பரின் பணம் வந்து சேர்ந்ததும் புதுப்பிக்கும்படி தேதியை அமைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: நன்கொடைப் பொத்தான் வைத்தேன், ஒருவரும் தரவில்லை

'ஆதரவு தாருங்கள்' என்று பக்கவாட்டில் ஒரு பொத்தான் வைத்தால் யாரும் தரமாட்டார்கள். வாசகரின் கஞ்சத்தனத்தால் அல்ல. எவ்வளவு வேண்டும், எதற்கு, எப்போது முடியும் என்று அந்தப் பொத்தான் எதுவும் சொல்வதில்லை.

மாற்றி எழுதுங்கள்: 'இந்தத் தளத்தின் ஓர் ஆண்டுச் செலவு 300 டாலர். சர்வர் 180, டொமைன் 15, காப்புப் பிரதி 60, மின்மடல் 45. இதுவரை சேர்ந்தது 112.' எண்கள் உண்மையாக இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை மாற வேண்டும். இலக்கு எட்டியதும் பொத்தானை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு கேட்கும்போது நம்புவார்கள். கேட்டுக்கொண்டே இருக்கும் தளத்தின் குரல் மூன்றாம் மாதம் காதில் விழாது.

வைக்கும் இடம்: ஒரு பிரச்சினைக்குத் தீர்வு சொல்லும் பக்கத்தின் கடைசி வரிக்குக் கீழே. ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்த நிமிடத்தில் ஒருவர் தர மனம் வைப்பார்; முகப்பைப் பார்க்கும்போது அல்ல. திரையை மறைத்து எழும் பெட்டி வேண்டாம்.

ஆண்டுக்கு ஒருமுறை கேளுங்கள், மாதாமாதம் சிறுதொகை வேண்டாம். பரிவர்த்தனைக்கு 2.9% உடன் 30 சென்ட் என்ற பரவலான கட்டணத்தில், மாதம் 1 டாலர் தருபவரிடமிருந்து ஆண்டு முடிவில் உங்கள் கைக்கு வருவது 8.05. அதே 12 டாலரை ஒரே தடவையாகத் தந்தால் 11.35. பேட்ரியான் போன்ற இடைத்தளம் தன் பங்கையும் எடுக்கும். மாதச் சந்தா, மாதாமாதம் புதிதாக ஏதாவது தருபவர்களுக்குப் பொருந்தும். ஏற்கெனவே எழுதி வைத்த 400 பக்கத்தைப் பராமரிப்பவர்களுக்கு அது வீண் சுமை. சந்தாதாரருக்கு மட்டும் தனிப் பதிவு, தனி உரையாடல் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தளத்தைக் கவனிக்க நேரமில்லாமல் போவார்கள்.

மந்தநிலையில் வாசகரின் கையும் இறுக்கம்தான். பணம் தர முடியாதவருக்கு வேறு வழி வையுங்கள்: உடைந்த இணைப்பைச் சொல்வது, பழைய கையேட்டை ஸ்கேன் செய்து தருவது, ஒரு பகுதியைத் திருத்துவது. சுமை குறைந்தால் அதுவும் வரவுதான்.

அறிகுறி: வாங்கும் இணைப்பு கமிஷன் பாதியாகிவிட்டது

விகிதத்தை நிர்ணயிப்பது கடைக்காரர், அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 2020 ஏப்ரலில் அமேசான் வீட்டுச் சாமான் பிரிவில் 8%-ஐ 3% ஆக்கியது, மளிகையில் 5%-ஐ 1% ஆக்கியது. அமேசானில் வாசகர் கிளிக் செய்து 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட்டால்தான் கணக்கு. விலை உயர்ந்த பொருளை யாரும் ஒரே நாளில் முடிவு செய்வதில்லை. மந்தநிலையில் இன்னும் யோசிப்பார்கள்.

ஆகவே பெரிய கருவிப் பரிந்துரையைவிட உதிரி பாகப் பட்டியல் நிலையாகத் தரும். காசு இறுகினால் புதிது வாங்குவது குறைந்து பழையதைச் சரிசெய்வது கூடும். 'இந்த மாதிரியில் போகும் மின்தேக்கிகள்: எத்தனை, என்ன மதிப்பு, எத்தனை வோல்ட்' என்ற பக்கத்துக்கு வருபவர் அன்றே வாங்குவார். கமிஷன் இணைப்பு என்பதைப் பக்கத்தின் மேலேயே சொல்லிவிடுங்கள். இணைப்பில், இது பணம் சார்ந்தது என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'ஸ்பான்சர்ட்' குறியும் இருக்கட்டும்.

அறிகுறி: 'உங்கள் பக்கத்தில் ஓர் இணைப்பு போடுங்கள், பணம் தருகிறோம்' என்று மின்னஞ்சல்கள் குவிகின்றன

மந்தநிலையில் இவை கூடும், ஏனென்றால் தளத்துக்காரர் இளகியிருப்பார் என்று அனுப்புபவருக்குத் தெரியும். சூதாட்டம், கடன், எழுதித்தரும் சேவை. அவர்கள் கேட்பது உங்கள் வாசகரை அல்ல, தேடுபொறியில் உங்கள் பெயருக்கு உள்ள மதிப்பை. பணம் வாங்கிய இணைப்பை மறைத்து வைப்பது கூகுளின் விதிமீறல். கொடுத்த பணம் ஒரு தடவை, போகும் வரவு நிரந்தரம். அந்த மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள்.

உங்கள் துறையில் பொருள் விற்கும் சிறு வியாபாரி நேரடியாகக் கேட்டால் அது வேறு. ஒரு படம், ஓர் இணைப்பு, மாத வாடகை. விளம்பர நெட்வொர்க் அந்த ஓர் இடத்துக்குத் தருவதைப் போல இரண்டு மடங்கில் பேச்சைத் தொடங்குங்கள். இடைத்தரகர் இல்லை, வாசகரும் அவருக்கு வேண்டியவர்களே. மூன்று மாதம், முன்பணம். நீண்ட ஒப்பந்தம் கேட்காதீர்கள், அவருக்கும் அதே மந்தநிலை. படத்தை உங்கள் சர்வரிலேயே வையுங்கள், பின்தொடரும் நிரல் எதையும் அவர் தரப்பிலிருந்து ஏற்காதீர்கள். கோப்புறைக்கு 'விளம்பரம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வைத்தால் தடுப்பான்கள் அதையும் விழுங்கிவிடும்.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, இன்னும் கையிலிருந்து போகிறது

அப்படியானால் தளத்தை உறையவையுங்கள். உறையவைப்பது மூடுவதாகாது. கருத்துகளையும் பதிவுகளையும் நிறுத்தி, முழுத் தளத்தையும் நிலையான கோப்புகளாக இறக்கி, இலவச அடுக்கில் வைத்தால் மிஞ்சும் செலவு டொமைன் மட்டும். விளம்பரம் இல்லாமலும் அது இருக்கும்.

டொமைனை மட்டும் தவறவிடக் கூடாது. டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியானால் பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகை. பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனிக் கட்டணம். பின் 5 நாளில் சந்தைக்குப் போய்விடும். பத்தாண்டு பழைய ஆர்வலர் தளத்தின் பெயரை வாங்கிச் சூதாட்டப் பக்கம் வைக்கக் காத்திருப்பவர்கள் ஏராளம். பணம் இருக்கும்போதே பல ஆண்டுக்குச் சேர்த்துப் புதுப்பியுங்கள். அதிகபட்சம் 10 ஆண்டு. புதுப்பிப்பு நினைவூட்டல் வரும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருந்தால் இப்போதே மாற்றுங்கள்: டொமைன் நின்றால் நினைவூட்டலும் வராது.

பிரதிகள்: மூன்று, இரண்டு வேறு ஊடகங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கூடவே இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் முக்கியப் பக்கங்களை நீங்களே சேமிக்கக் கொடுங்கள். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26-இல் மூடப்பட்டபோது, அதிலிருந்த எண்ணற்ற ஆர்வலர் பக்கங்களில் இன்று படிக்கக் கிடைப்பவை யாராவது முன்பே நகலெடுத்து வைத்தவைதான். ரோபோட்ஸ் கோப்பில் பாட்களைத் தடுக்கும்போது காப்பகத்தின் பாட்டையும் சேர்த்துத் தடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

வேறொருவரிடம் ஒப்படைப்பதாக இருந்தால் கையில் கொடுக்க வேண்டியவை: டொமைன் பதிவாளர் கணக்கு, டிஎன்எஸ் பதிவுகளின் பட்டியல், டேட்டாபேஸ் பிரதி, மூலப் படங்கள், எந்தப் படத்தை யாரிடம் எந்த அனுமதியில் வாங்கினீர்கள் என்ற குறிப்பு. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆட்சென்ஸ் கணக்கை மாற்றித் தர முடியாது. புதியவர் தன் பேரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய நிரலை எடுத்துவிட்டு, ஆட்ஸ் டெக்ஸ்ட் கோப்பில் உங்கள் எண்ணையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள்.